வரைபடக் கோப்பிலிருந்து வெட்டிய பலகை வரை: வாசகர் கேள்வி – பதில்

கேபினட் வடிவமைப்பு மென்பொருளில் வரைபடக் கோப்புகளை இறக்குமதி செய்து கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தில் வெட்டுவது குறித்துக் காவிரி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். கட்டளைகளின் பெயர்கள் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும் என்பதால், காரணங்களையே முதன்மையாக விளக்கியிருக்கிறேன். கட்டளைப் பெயர் வரும் இடங்களில் அது ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருளுக்கு உரியது.

கேள்வி: கும்பகோணத்தில் மரவேலைப் பட்டறை நடத்துகிறேன், அண்மையில் ஒரு சி.என்.சி. ரூட்டர் (பலகை வெட்டும் இயந்திரம்) வாங்கியிருக்கிறோம். ஆர்க்கிடெக்ட் அனுப்பும் சமையலறை வரைபடத்தைக் கேபினட் மென்பொருளில் இறக்குமதி செய்தால், சில நேரம் அறை ஒரு தெரு அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது. சில நேரம் திரையில் புள்ளியாகத்தான் தெரிகிறது. அளவைச் சரிசெய்த பிறகும், பல வடிவங்களை மென்பொருள் பாகமாக ஏற்க மறுக்கிறது. கோப்பில் கோளாறா, எங்கள் மென்பொருளில் கோளாறா?

பதில்: கோப்பில்தான். ஆனால் அதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் கலந்திருக்கின்றன. முதலாவது அலகு பற்றியது, அது சில நிமிடங்களில் தீரும். இரண்டாவது கோடுகளின் தன்மை பற்றியது, அதற்குத்தான் உழைப்பு வேண்டும்.

வரைபடக் கோப்பில் ஒரு கோட்டின் நீளம் 600 என்று இருந்தால், அது வெறும் 600 மட்டுமே. அது மில்லிமீட்டரா அங்குலமா என்பது கோப்பின் தலைப்பகுதியில் தனியாக ஓர் எண் குறியீடாக இருக்கும். மென்பொருள்களுக்கிடையே வரைபடங்களைப் பரிமாறப் பயன்படும் டி.எக்ஸ்.எஃப். கோப்பில் அந்தக் குறியீடு 1 என்றால் அங்குலம், 2 என்றால் அடி, 4 என்றால் மில்லிமீட்டர், 6 என்றால் மீட்டர். 0 என்றால் அலகே சொல்லப்படவில்லை என்று பொருள். வரைந்தவர் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால், இறக்குமதி செய்யும் மென்பொருள் தனக்கு அமைக்கப்பட்டிருக்கும் அலகை எடுத்துக்கொள்ளும். அப்போது 600 மி.மீ. அலமாரி 600 அங்குலமாக, அதாவது 50 அடியாக வளர்ந்து நிற்கும். 24 அங்குலம் என்று வரையப்பட்டது 24 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஆகவே இறக்குமதி செய்தவுடன், வேறு எதையும் தொடுவதற்கு முன், அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை, நிலைக்கதவின் அகலத்தையோ அடுப்பு மேடையின் ஆழத்தையோ, அளந்து பாருங்கள். வந்த அளவுக்கும் வரவேண்டிய அளவுக்கும் இடையே 25.4 மடங்கு வேறுபாடு இருந்தால் அங்குலக் குழப்பம், 304.8 என்றால் அடி. 1000 என்றால் மீட்டர். இவற்றுள் எதுவுமாக இல்லாமல் 1.03, 0.97 என்பது போல ஒரு விகிதம் வந்தால் அது அலகுப் பிழை அன்று. வரைபடம் எங்கோ இழுத்து நீட்டப்பட்டிருக்கிறது, அல்லது ஒரு படத்தின்மேல் வைத்து நகலெடுக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய கோப்பை அளவுக்காக நம்பவே கூடாது.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். வரைபடத்தில் அம்புக்குறியோடு எழுதியிருக்கும் அளவும், கோட்டின் உண்மையான நீளமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ண வேண்டாம். அவசரத்தில் கோட்டைத் திருத்தாமல் எண்ணை மட்டும் மாற்றி எழுதுவது அலுவலகங்களில் வெகு சாதாரணம். தாளில் படிக்கும் ஆசாரி எழுதிய எண்ணைப் பார்த்து வெட்டுவார்; இயந்திரம் கோட்டைப் பார்த்து வெட்டும்.

இனி இரண்டாவது கோளாறு. கேபினட் மென்பொருள் ஒரு வடிவத்தைப் பாகமாக ஏற்க வேண்டுமானால், அதன் சுற்றுக்கோடு எங்கும் அறுபடாத ஒரே மூடிய பாலிலைனாக (தொடர்கோடாக) இருக்க வேண்டும். கட்டட வரைபடத்தில் ஒரு செவ்வகம் பெரும்பாலும் நான்கு தனிக்கோடுகளாகவே இருக்கிறது. மூலையில் இரண்டு கோடுகள் தொடுவதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், பெரிதாக்கிப் பார்த்தால் இடையில் மயிரிழை இடைவெளி இருக்கலாம், அல்லது ஒன்று மற்றொன்றைத் தாண்டிப் போயிருக்கலாம். பெடிட் கட்டளையில் உள்ள ஜாயின் வசதி இவற்றை இணைத்துத் தரும். இணைப்பதற்கான இடைவெளி வரம்பை 0.1 மி.மீ. அளவில் வையுங்கள், வேலை சீக்கிரம் முடிகிறதே என்று 2, 3 மி.மீ. வைத்தால், சிறிய வெட்டுக்காடிகளின் (பலகையில் குடையும் பள்ளங்களின்) இரு கரைகளும் ஒட்டிக்கொண்டு வடிவமே கெட்டுவிடும்.

ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் இரட்டைக் கோடுகள் இதைவிட ஆபத்தானவை, ஏனென்றால் அவை திரையில் தெரிவதில்லை. நகலெடுத்து ஒட்டும்போது உண்டாகும் இந்த இரட்டைகளால் இயந்திரம் ஒரே பாதையில் இருமுறை ஓடி விளிம்பைக் கருக்கலாம். மூடிய கோடுகளை வெளிக்கோடு, உள்துளை என்று மாறி மாறிக் கணக்கிடும் மென்பொருளாக இருந்தால், முதல் கோட்டைப் பாகமாகவும் இரண்டாவதை அந்தப் பாகத்தில் விழுந்த ஓட்டையாகவும் எடுத்துக்கொள்ளும். ஓவர்கில் என்ற கட்டளை இந்தப் பிணிக்கென்றே இருக்கிறது. அதன்பின் ஃபிளாட்டன் கட்டளையையும் ஒருமுறை ஓட்டுங்கள். முப்பரிமாண மாதிரியிலிருந்து எடுத்த வரைபடங்களில் சில முனைகள் தரைமட்டத்திலிருந்து உயர்ந்து நிற்கும், மேலிருந்து பார்த்தால் அது தெரியாது, அவற்றை மூடவும் முடியாது.

பிளாக்குகளை, அதாவது பல கோடுகளைச் சேர்த்து ஒரே பொருளாகக் கட்டியவற்றைப் பற்றி எச்சரிக்கை தேவை. கீல், கைப்பிடி, சிங்க் போன்றவை பிளாக்காக வந்திருக்கும். ஒரு பிளாக்கை நீளத்தில் ஓர் அளவாகவும் அகலத்தில் வேறோர் அளவாகவும் இழுத்திருந்தால், அதைப் பிரிக்கும்போது அதனுள் இருந்த வட்டங்கள் நீள்வட்டங்களாகிவிடும். துளை வட்டமாக இருந்தால்தான் மென்பொருள் அதைத் துளை என்று அறியும். நீள்வட்டத்தைக் கண்டால் ரூட்டர் பிட்டால் (சுழலும் வெட்டுமுனையால்) சுற்றி வெட்டச் சொல்லும், அல்லது புறக்கணிக்கும்.

இவ்வளவையும் செய்து முடித்தால் உங்கள் கோப்பு இறக்குமதி ஆகும். ஆனாலும் சமையலறைப் பெட்டிகளின் பக்கப்பலகை, அடிப்பலகை, தட்டு ஆகியவற்றை இப்படி வரைபடத்திலிருந்து இறக்குமதி செய்யவே கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கோட்டுக்குத் தன் நீளம் மட்டுமே தெரியும். பலகையின் தடிமன், ரேகை ஓடும் திசை, எந்த விளிம்பில் எட்ஜ் பேண்ட் (விளிம்புப் பட்டி) ஒட்ட வேண்டும், எந்த முகம் உள்ளே இருக்கும் என்ற எதுவும் தெரியாது. கேபினட் மென்பொருளில் அகலம், உயரம், ஆழம் என்ற மூன்று எண்களைக் கொடுத்துப் பெட்டியை உருவாக்கினால் இவை அனைத்தும் தாமாகவே அமைகின்றன; பின்னால் ஓர் அளவு மாறினாலும் எல்லாப் பாகங்களும் சேர்ந்து மாறுகின்றன. இறக்குமதி செய்த கோடுகளை ஒவ்வொன்றாகக் கையால்தான் திருத்த வேண்டும். வெளியிலிருந்து வரும் வரைபடத்துக்கு மூன்றே பயன்கள் உண்டு: அறையின் தரைப்படத்தைப் பின்னணியாக வைத்துக்கொள்வது, கார்னிஸ் போன்ற சட்டங்களின் குறுக்குவெட்டு வடிவத்தை எடுப்பது, மென்பொருளால் தானே உருவாக்க முடியாத வளைவு வடிவங்களைக் கொண்டுவருவது. தரைப்படமும் பின்னணி மட்டும்தான். பூச்சும் டைல்ஸும் முடிந்தபின் நேரில் அளந்த அளவும், மூலைவிட்டங்களும் இல்லாமல் பெட்டியின் அகலத்தை முடிவு செய்ய வேண்டாம். அதிலும் அக்கிரகாரத்துப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலை என்றால், இரண்டு சுவர்கள் செங்கோணத்தில் சந்திக்கும் என்று எதிர்பார்ப்பதே வீண்.

கேள்வி: மன்னார்குடியில் என் அப்பா ஆசாரி வேலை செய்கிறார், நான் கணினியில் வரைகிறேன். அவர் அளவு சொல்வதெல்லாம் அடி, அங்குலம், நூல் கணக்கில்தான். நானும் அங்குலத்திலேயே வரைந்து அப்படியே இறக்குமதி செய்யலாமா? மாற்றினால் பிழை வரும் என்கிறார் அப்பா.

பதில்: உங்கள் தந்தையின் கணக்கில் தவறு இல்லை. ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். ஒரு நூல் 3.175 மி.மீ. இந்த மாற்றத்தில் எந்தப் பிழையும் நுழைவதில்லை, ஏனென்றால் ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மி.மீ. என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறது. மாற்றிய எண்ணை நடுவில் முழு எண்ணாக்காமல், கடைசியில் ஒரே ஒருமுறை 0.1 மி.மீ. அளவுக்குச் சரிசெய்தால் போதும்.

பிழை வருவது வேறு வழியாக. நம் பட்டறைகளில் 18 மி.மீ. பிளைவுட்டை முக்கால் இஞ்ச் என்றும், 12 மி.மீ. பிளைவுட்டை அரை இஞ்ச் என்றும், 6 மி.மீ. பிளைவுட்டைக் கால் இஞ்ச் என்றும் சொல்கிறோம். உண்மையில் முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. வெளி அகலம் 24 அங்குலம், அதாவது 609.6 மி.மீ. உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கப்பலகைகளை முக்கால் அங்குலம் என்று வரைந்தால், நடுத்தட்டின் நீளம் 571.5 மி.மீ. என்று வரும். வெட்டி முடித்து உண்மையான 18 மி.மீ. பலகைகளோடு பூட்டும்போது பெட்டியின் அகலம் 607.5 மி.மீ. ஆகிவிடும். ஒரு பெட்டிக்கு 2.1 மி.மீ. என்பது சிறிதாகத் தோன்றலாம். ஐந்து பெட்டிகளை வரிசையாக வைத்தால் சுவரோரம் 10.5 மி.மீ. இடைவெளி வாய் பிளந்து நிற்கும். கையால் வேலை செய்யும்போது உங்கள் தந்தை பக்கப்பலகைகளை நிறுத்திவிட்டு, நடுத்தட்டை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துத்தான் வெட்டியிருப்பார். அந்தத் திருத்தம் அவர் கையிலேயே நடந்துவிடுகிறது. இயந்திரத்திற்கு அதைக் கோப்பில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே தளத்தில் அளவெடுப்பது அவர் வழக்கப்படியே இருக்கட்டும். கோப்பு மட்டும் தொடக்கம் முதல் மில்லிமீட்டரில் இருக்கட்டும். பலகை அளவுக்கும் இதே விதிதான். எட்டுக்கு நாலு பலகையைச் சந்தையில் 2440-க்கு 1220 மி.மீ. என்று விற்கிறார்கள், கணக்குப்படி எட்டடி என்பது 2438.4 மி.மீ., நாலடி என்பது 1219.2 மி.மீ. ஓரங்கள் அடிபட்டும் இருக்கும் என்பதால், சுற்றிலும் 10 மி.மீ. விட்டுவிட்டு மீதியில் பாகங்களை அடுக்கும்படி மென்பொருளை அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தஞ்சாவூர் ஓவியங்களுக்கு வளைவு மேற்பகுதி கொண்ட பலகைகளும் சட்டங்களும் வெட்டித் தருகிறோம். வரைபடத்தில் வளைவு வழவழப்பாக இருக்கிறது. வெட்டிய பலகையில் விளிம்பு பட்டை பட்டையாக இருக்கிறது. இயந்திரமும் வளைவில் குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது.

பதில்: வரைந்தவர் வளைவை ஸ்ப்ளைன் என்னும் வகைக் கோடாக வரைந்திருக்க வேண்டும். ஸ்ப்ளைனும் நீள்வட்டமும் டி.எக்ஸ்.எஃப். வடிவத்தில் ஆட்டோகேடின் 13-ஆம் வெளியீட்டில்தான் இடம்பெற்றன. வெட்டு மென்பொருள்கள் பல இன்னும் விரும்பிக் கேட்கும் 12-ஆம் வெளியீட்டு வடிவத்தில் அவற்றுக்கு இடம் இல்லை. அந்த வடிவத்தில் சேமிக்கும்போது வளைவு சிறு சிறு நேர்கோடுகளாக உடைக்கப்படுகிறது. எவ்வளவு சிறியதாக என்பதுதான் கேள்வி. 200 மி.மீ. ஆரமுள்ள வளைவை 30 மி.மீ. நேர்கோடுகளாக உடைத்தால், கோட்டின் நடுவில் உண்மையான வளைவிலிருந்து 0.56 மி.மீ. விலகல் இருக்கும், அதைக் கையால் தடவினாலே தெரியும். 10 மி.மீ. கோடுகளாக உடைத்தால் விலகல் 0.06 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும், தேய்ப்புத் தாளில் மறைந்தும் விடும். அதற்காக அரை மில்லிமீட்டர் கோடுகளாக உடைத்தால், இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு முனையிலும் வேகத்தைக் குறைத்துக் கூட்ட முயன்று குலுங்கும். நீங்கள் காணும் குலுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் இப்படிப்பட்ட பொடிக்கோடுகளே.

சரியான தீர்வு, வளைவை வட்டவில்களால் வரைவது. மூன்று அல்லது ஐந்து வில்கள், ஒன்று முடியும் இடத்தில் மற்றொன்று தொடுகோடாகத் தொடங்கும்படி அமைந்தால், ஓவியச் சட்டத்துக்குத் தேவையான எந்த வளைவையும் வரைந்துவிடலாம். வட்டவில் எந்த வெளியீட்டு வடிவத்திலும் வில்லாகவே போய்ச் சேரும். வில்லுக்கு உரிய ஜி2, ஜி3 கட்டளைகளில் இயந்திரம் ஒரே ஓட்டமாக ஓடும். கவராயம் கொண்டு வரைந்து பழகிய பெரியவர் எவரேனும் பட்டறையில் இருந்தால், வில்களின் மையங்களை எங்கே வைப்பது என்று அவரைக் கேளுங்கள். மென்பொருள் கையேடுகளைவிட அவர் தெளிவாகச் சொல்வார்.

கேள்வி: திருவாரூரில் பூஜை அறைக் கதவுகளுக்கு ஜாலி (துளை வேலைப்பாடு) வெட்டுகிறோம். ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் 'ஓம்', 'முருகா' என்று தமிழில் அமைத்துத் தரச் சொன்னோம். அவர்கள் தந்த கோப்பை எங்கள் கணினியில் திறந்தால் எழுத்துகள் ஏதோ ஆங்கிலக் குறிகளாகத் தெரிகின்றன. வேறொரு முறை எழுத்து சரியாக வந்தது, ஆனால் வெட்டும்போது எழுத்தின் நடுப்பகுதிகள் கழன்று விழுந்துவிட்டன.

பதில்: முதல் குறைக்குக் காரணம் எழுத்துரு. பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கில எழுத்துகளே வெளிப்படும். உங்கள் கணினியில் எழுத்துருவை நிறுவிச் சமாளிப்பதைவிட, கோப்பு கடையை விட்டுக் கிளம்பும் முன்பே எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கோரல்டிராவில் கன்வெர்ட் டு கர்வ்ஸ் என்று இருப்பது இதுதான். டி.எக்ஸ்.எஃப். ஆக ஏற்றுமதி செய்யும் பெட்டியில் அலகு மில்லிமீட்டர் என்று தேர்ந்தெடுக்கவும் சொல்ல வேண்டும். மாற்றியபின் அது எழுத்தாக இராது, திருத்த முடியாது. எனவே எழுத்துப்பிழை பார்ப்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை தமிழ் எழுத்தின் இயல்பால் வருவது. 'ஓ', 'ன', 'ண' போன்ற எழுத்துகளில் சுழிகள் உண்டு. எழுத்தைப் பலகையின் மறுபுறம் வரை வெட்டினால், சுழிக்குள் இருக்கும் துண்டைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் அது விழுந்துவிடும். சுழியின் உள்துண்டை வெளிப்பலகையோடு இணைக்கும் பாலங்களை வரைபடத்திலேயே இட வேண்டும். எங்கே இட்டால் எழுத்து சிதையாது என்பதை மென்பொருளிடம் விடாமல் நீங்களே முடிவு செய்யுங்கள். மெல்லிய பாலம், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் எளிதில் முறியும், பிளைவுட்டில் சிலும்பும், 12 மி.மீ. பலகையில் 8 மி.மீ. அகலத்துக்குக் குறைந்த பாலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். 6 மி.மீ. பிட்டை வைத்துக்கொண்டு 4 மி.மீ. இடைவெளியை வெட்ட முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். மென்பொருள் அத்தகைய இடங்களைச் சத்தமின்றி விட்டுவிடும், பலகையைப் பார்த்த பிறகே தெரியும். எழுத்தின் அழகு முக்கியம் என்றால், முழுதும் வெட்டாமல் வி வடிவப் பிட்டால் 3, 4 மி.மீ. ஆழத்துக்குச் செதுக்குவதே மேல். எந்தத் துண்டும் விழாது. கோட்டின் தடிப்பும் மெலிவும் ஆழத்தின் ஏற்ற இறக்கமாகத் தெரியும்.

கைப்பேசியில் வந்த படத்திலிருந்து தானாகக் கோடெடுத்துத் தரும் வசதிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மயில், யாளி போன்ற உருவங்களை அப்படி எடுத்தால் ஆயிரக்கணக்கான முனைகளோடு கோடு பிசிறிக்கொண்டு வரும். அதைத் துப்புரவு செய்யும் நேரத்தில் படத்தைப் பின்னணியில் வைத்துப் புதிதாகவே வரைந்துவிடலாம். உருவம் புடைப்பாக வேண்டுமென்றால் டி.எக்ஸ்.எஃப். கோப்பே அதற்குப் பொருந்தாது. அதற்கு முப்பரிமாண எஸ்.டி.எல். கோப்பு வேண்டும்.

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். ஆழம் வேறுபடும் வெட்டுகளையும் துளைகளையும் ஒரே தட்டையான வரைபடத்தில் எப்படித் தெரிவிப்பது? ஒவ்வொரு முறையும் இறக்குமதிக்குப் பின் கோடு கோடாகத் தேர்ந்தெடுத்து ஆழம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பதில்: லேயர்களை, அதாவது வரைபடத்தின் பெயரிட்ட அடுக்குகளைப் பயன்படுத்துங்கள். வெளிச்சுற்று வெட்டு ஒரு லேயர், காடி ஒரு லேயர், 5 மி.மீ. துளை ஒரு லேயர், கீல் குழி ஒரு லேயர் என்று பிரித்து, லேயரின் பெயரிலேயே வேலையையும் ஆழத்தையும் எழுதிவிடுங்கள். பெரும்பாலான கேபினட் மென்பொருள்களிலும் வெட்டு மென்பொருள்களிலும், இந்தப் பெயருள்ள லேயரில் வரும் வடிவத்துக்கு இந்தப் பிட், இந்த ஆழம் என்று ஒருமுறை அட்டவணை அமைத்துவிட்டால், அடுத்த கோப்பிலிருந்து அது தானாகவே பொருந்தும். பெயரை ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றால் மட்டும் அமையுங்கள். இடைவெளி, காற்புள்ளி, தமிழ் எழுத்து ஆகியன பழைய வடிவத்தில் சேமிக்கும்போது சிதையும். அந்த வடிவத்தில் பெயர் 31 எழுத்துகளுக்கு மேல் போகவும் கூடாது. பாகங்களை எப்போதும் முடிந்த அளவிலேயே வரையுங்கள். பிட்டின் பருமனுக்காகக் கோட்டை நீங்களே தள்ளி வரைந்து, மென்பொருளும் தன் பங்குக்குத் தள்ளினால், 6 மி.மீ. பிட்டில் பாகம் நீளத்திலும் அகலத்திலும் 6 மி.மீ. பெரிதாகிவிடும்.

துளைகளின் இடத்தை நீங்களாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. பரவலாகப் பின்பற்றப்படும் 32 மி.மீ. முறையில், தட்டுத் தாங்கிகளுக்கான 5 மி.மீ. துளைகள் பக்கப்பலகையின் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே, ஒன்றுக்கொன்று 32 மி.மீ. இடைவெளியில் அமைகின்றன. கீலின் கிண்ணத்துக்கு 35 மி.மீ. விட்டமுள்ள குழி, ஆழம் கீலின் வகையைப் பொறுத்து ஏறத்தாழ 11 முதல் 13 மி.மீ. வரை வரும். 18 மி.மீ. கதவில் ஆழத்தைத் தவறாகக் கொடுத்தால் லேமினேட்டின் மறுபக்கத்தில் வட்டம் புடைத்துக் காட்டும் என்பதால், வாங்கிய கீலின் தாளைப் பார்த்தே எண்ணை இடுங்கள்.

இடது, வலது பக்கப்பலகைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடி உருவமாக இருக்க வேண்டும். வரைபடத்தில் இரண்டையும் ஒரே பக்கம் பார்த்தபடி வைத்துவிட்டு, ஒன்றை நகலெடுத்து இரண்டாக வெட்டும் பட்டறைகளில், துளைகள் வெளிமுகத்தில் வந்து நிற்கும் பலகைகள் மூலையில் சாய்ந்திருப்பதைக் காணலாம். எந்த முகம் மேலே என்பதைக் கோப்பிலேயே ஓர் எழுத்தால் குறித்துவிடுங்கள். வெட்டப்படாத லேயரில் அது இருக்கட்டும்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் கடலிலிருந்து சற்றுத் தொலைவில்தான் எங்கள் பட்டறை. கோப்பில் காடி சரியாக 18 மி.மீ. இருக்கிறது, இயந்திரமும் சரியாகவே வெட்டுகிறது. ஆனாலும் தட்டு சில வேளை காடிக்குள் நுழைய மறுக்கிறது, சில வேளை தளர்ந்து ஆடுகிறது.

பதில்: 18 மி.மீ. என்பது பலகையின் பெயர், அளவு அன்று. கட்டுக்குக் கட்டு, ஒரே பலகையிலேயே ஓரத்துக்கும் நடுவுக்கும் கூட, தடிமன் மாறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பலகை ஈரத்தை வாங்கித் தடிக்கும். சித்திரையில் வாங்கி அளந்த எண் அப்போது உதவாது. ஒவ்வொரு வேலைக்கும் வெட்டப்போகும் பலகைகளையே வெர்னியரால் நாலைந்து இடங்களில் அளந்து, அந்த எண்ணை மென்பொருளின் பலகை விவரத்தில் இடுங்கள். பெட்டிகளைக் கேபினட் மென்பொருளிலேயே உருவாக்கியிருந்தால், ஓர் எண்ணை மாற்றியதும் எல்லாக் காடிகளும் தட்டுகளும் மாறிவிடும். இறக்குமதி செய்த கோடுகளாக இருந்தால், ஒவ்வொரு காடியையும் தேடித் திருத்த வேண்டியிருக்கும். அளந்ததில் அதிகமான தடிமனோடு 0.2 அல்லது 0.3 மி.மீ. கூட்டிக் காடியின் அகலமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லேமினேட் ஒட்டிய பலகையைக் காடியில் செருகுவதாக இருந்தால், இரு பக்கத்து லேமினேட்டும் பசையும் சேர்ந்து ஏறத்தாழ 2 மி.மீ. கூடும் என்பதும் கணக்கில் வர வேண்டும். ஒட்டி அழுத்தியபின் அளப்பதே நிச்சயம்.

காடி அகலம் சரியாக இருந்தும் தட்டு நுழையாவிட்டால், காடியின் முனையைப் பாருங்கள். பலகையின் நடுவில் முடியும் காடியின் மூலையை உருண்டையான பிட்டால் சதுரமாக வெட்ட இயலாது. 6 மி.மீ. பிட் அங்கே 3 மி.மீ. ஆரமுள்ள வளைவை விட்டுச்செல்லும், தட்டின் சதுர மூலை அதில் முட்டி நிற்கும். மூலையில் பிட் சற்று வெளியே போய்வரும்படி ஒரு சிறு குழிவை மென்பொருளிலேயே சேர்க்கலாம். வெளியே தெரியும் இடமென்றால் தட்டின் மூலையை உளியால் உருட்டிவிடுங்கள்.

உங்கள் ஊரின் உப்புக்காற்றைப் பற்றி ஒரு வார்த்தை: பலகைகளைத் தரையில் நேராக அடுக்காமல் ரீப்பர் வைத்து உயர்த்தி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். சமையலறைத் தொட்டிக்குக் கீழ்வரும் பெட்டிகளுக்கேனும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைப் பயன்படுத்துங்கள். கோப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஊறிய பலகையில் அது நிற்காது.

கேள்வி: பட்டுக்கோட்டையில் வாடிக்கையாளர் பி.டி.எஃப். மட்டும் தருகிறார். அதிலிருந்து வெட்ட முடியுமா?

பதில்: பி.டி.எஃப். இருவகைப்படும். வரைபட மென்பொருளிலிருந்து நேராக எடுத்ததாக இருந்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே இருக்கும். அதனுள் உண்மையான கோடுகள் உள்ளன, ஆட்டோகேடின் 2017 பதிப்பு முதல் அவற்றை நேரடியாக இறக்குமதி செய்யலாம். ஆனால் தாள் அளவில் சுருக்கப்பட்டிருக்கும் என்பதால், தெரிந்த ஓர் அளவை வைத்து முழுவதையும் பெரிதாக்க வேண்டும். வட்டங்களும் வில்களும் உடைந்த கோடுகளாக வரலாம், அவற்றைத் திரும்ப வரைய வேண்டும். பெரிதாக்கினால் கோடு மங்கிச் சிதறுகிறது என்றால் அது தாளை ஸ்கேன் செய்த படம். அதில் எழுதியிருக்கும் எண்களைப் படித்துப் புதிதாக வரைவதைத் தவிர வழியில்லை. இரண்டிலும், பெட்டி வேலை என்றால் அகலம், உயரம், ஆழம் ஆகியவற்றைத் தாளிலிருந்து குறித்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் கையொப்பம் வாங்கி, கேபினட் மென்பொருளில் நேரடியாக இடுவதே விரைவானது.